பொருள்: கவச வண்டிச் சொற்கள் – 'ரன்-ஃபிளாட்' டயருக்கு என்ன வைக்கலாம்?

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சக்கரக் கவச வண்டிகளுக்கான சொற்பட்டியலில், காற்று போனாலும் ஓடும் 'ரன்-ஃபிளாட்' டயருக்கான சொல் இன்னும் முடிவாகவில்லை. இப்போது அதில் இருக்கும் 'பஞ்சர் ஆகா டயர்' என்பதை எடுத்துவிட வேண்டும். குண்டு துளைத்தால் இந்த டயரும் பஞ்சராகும், காற்றும் போகும். போன பிறகும் வண்டி நிற்காமல் ஆபத்தான இடத்தைத் தாண்ட வேண்டும், ஏற்பாடு அதற்குத்தான். 'காற்றில்லா டயர்' என்பதும் ஆகாது. காற்றே அடைக்காத டயர் தனி வகை, அந்தப் பெயர் அதற்கு வேண்டும்.

உள்ளே ரிம்மைச் சுற்றி உட்காரும் கெட்டி ரப்பர் வளையத்துக்குத் 'தாங்குவளையம்' என்று முன்மொழிகிறேன். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் இருப்பதால், நம் பட்டறைகளின் பரிசோதனைத் தாளில் இந்தச் சொல் நேராக ஏறும். அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம்.

நாமக்கல்லிலிருந்து:

அண்ணா, தாங்குவளையம் வேண்டாமுங்க. பேரிங்கைத் தமிழில் 'தாங்கி' என்றுதான் எழுதுகிறோம். ஹப்புக்குப் பக்கத்தில் 'தாங்குவளையம்' என்று படித்தால், பிட்டர் பேரிங்கின் வளையமான ரேஸைத்தான் கழற்றப் போவார்.

பெயர் எதுவானாலும், வளையம் செய்யும் இரண்டு வேலைகளும் விளக்கத்தில் வந்தாக வேண்டும். காற்று இறங்கியதும் சுமையை ஏற்பது ஒன்று. டயரின் இரண்டு பீடுகளையும், அதாவது ரிம்மில் உட்காரும் கெட்டி விளிம்புகளையும், ரிம் ஓரத்தோடு அழுத்திப் பிடிப்பது இன்னொன்று. பீடு நழுவினால் ரிம் மட்டும் சுற்றும், டயர் நின்றுவிடும், வண்டியும் திரும்பாது.

மாட்டும் முறையையும் சேருங்க. கெட்டி வளையம் உள்ளே போக வேண்டுமானால் ரிம் இரண்டு துண்டாக, போல்ட் போட்டதாக இருக்க வேண்டும். கழற்றும்போது முதலில் வால்வு ஊசியை எடுத்து முழுக் காற்றையும் இறக்கிய பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். கொஞ்சம் காற்று மிச்சமிருந்தாலும் ரிம் பாதி தெறித்து ஆளை அடித்துவிடும். திரும்பப் பூட்டும்போது எதிரெதிர் போல்ட்டாக முறுக்க வேண்டும். ஒரே பக்கமாக முறுக்கினால் இரண்டு துண்டுக்கும் நடுவில் காற்றை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் நசுங்கி, அங்கேதான் காற்று கசியும்.

உள்ளே தடவும் ஜெல்லையும் விடக்கூடாது. தட்டையாக ஓடும்போது டயரின் உள்பக்கம் வளையத்தின் மேல் உரசிச் சூடேறும். ஜெல் இல்லையென்றால் ரப்பர் துருவலாக உதிரும், கொஞ்ச தூரத்திலேயே டயர் கிழியும்.

சேலத்திலிருந்து:

வளையத்துக்கு நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது: சும்மாடு. தலைச்சுமைக்காரர் துணியைச் சுருட்டி வளையமாக வைப்பாரே, அதுதான். 'சும்மாட்டு வளையம்' என்றால் வடிவமும் வேலையும் விளக்காமலே புரியும்.

கோவையிலிருந்து:

அருமையான சொல்லுங்க. ஒரே ஒரு தடை: சும்மாடு எப்போதும் சுமை தாங்குகிறது. இந்த வளையமோ காற்று இருக்கிறவரை எந்தச் சுமையையும் ஏற்கக்கூடாது. பாலைவன மணலுக்காகக் காற்றை அளவுக்கு மீறிக் குறைத்தால், வளைவில் டயர் வளையத்தில் இடித்து வீணாகச் சூடேறும்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்தே காற்றை ஏற்றி இறக்கும் அமைப்பு வேறு பொருள். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க 'டக்' (DUKW) நீர்-நில லாரியிலேயே அது உண்டு. சோவியத்தின் பி.டி.ஆர். சக்கரக் கவச வண்டிகளிலும் உண்டு. சின்னத் துளையென்றால் கம்ப்ரஸர் காற்றை ஈடுகட்டும், பக்கச்சுவரே கிழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு 'ஓட்டக் காற்றேற்றி' என்று தனிப் பதிவு போட்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

நாமக்கல்லிலிருந்து:

சும்மாடு எனக்கும் சம்மதமுங்க. ஆனால் மொத்த டயர் வகைக்கு அது போதாது. சில கார்களில் வளையமே கிடையாது, பக்கச்சுவரே விறைப்பாக நின்று தாங்கும். அதனால் பொதுப்பெயர் 'காற்றிழந்தோடு டயர்'. அதற்குள் ராணுவ வண்டிக்குச் 'சும்மாட்டு வகை', காருக்கு 'விறைசுவர் வகை'.

எடையையும் குறிப்பிடுங்க. எட்டுச் சக்கரத்திலும் வளையம் போட்டால் அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழேதான் சேரும், சஸ்பென்ஷன் சீக்கிரம் அடிபடும். இராக்கில் அமெரிக்காவின் எட்டுச் சக்கரக் கவச வண்டியான ஸ்டிரைக்கருக்கு ராக்கெட் குண்டைத் தடுக்கக் கம்பிக்கூண்டு மாட்டியபோது 2 டன்னுக்கு மேல் எடை கூடி, டயர்கள் வேகமாகத் தேய்ந்தன. கவசம் கூட்டுகிறவர் டயர்க் கணக்கையும் மறுபடி போட வேண்டும்.

சேலத்திலிருந்து:

ஏற்கிறேன். பதிவு இப்படிப் போகட்டும்:

காற்றிழந்தோடு டயர் – துளைபட்டுக் காற்று போன பிறகும், குறைந்த வேகத்தில் வரையறுத்த தூரம் ஓடும் டயர். சும்மாட்டு வகையில் ரிம்மின் மேல் உள்ள சும்மாட்டு வளையம் சுமையை ஏற்று, பீடையும் பிடித்துக்கொள்ளும். காற்றுள்ளபோது வளையம், டயரின் தரை தொடும் பகுதியின் உள்பக்கத்தைத் தொடாது. காற்றில்லாமல் ஓடிய டயரை மறுபடி பயன்படுத்தக் கூடாது. வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

கோவையிலிருந்து:

ஒரு திருத்தம். பீடை மட்டும் பிடிக்கும் தனி உறுப்பும் சில ரிம்களில் வருகிறது, அது சுமை ஏற்காது. அதைச் 'சும்மாடு' என்று எழுதிவிடாமல் 'பீடுப்பூட்டு' என்று பிரித்துப் போட்டுவிடுகிறேன்.