மூட்டுவலி ஊசிக்கு முன் டிபி டெஸ்ட்: உங்களுக்கும் எடுத்தார்களா?

எனக்குச் சரவாங்கி என்ற மூட்டுவாதம் வந்து ஏழு வருடம் ஆகிறது. காலையில் பால் பாக்கெட்டைக்கூட வெட்ட முடியாது. பத்து மணிக்கு மேல்தான் விரல் என் சொல் கேட்கும். வாராவாரம் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து இரண்டு வருடம் தாக்குப்பிடித்தது. அப்புறம் டி.என்.எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி போடலாம் என்றார் டாக்டர். அன்றைக்கே போடுவார் என்று போனால், கையில் மாண்டூ டெஸ்ட் (டிபி கிருமி உள்ளே இருந்தால் ஊசி குத்திய இடம் தடிக்கும்), நெஞ்சுக்கு எக்ஸ்ரே! இருமலே இல்லாதவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டேன்.

உட்காரவைத்து விளக்கினார். நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று ஆள் அனுப்புவது சைட்டோகைன் என்ற புரதங்களால். டி.என்.எஃப் அதில் ஒன்று. என் மூட்டுச் சவ்வில் காரணமே இல்லாமல் கூட்டம் சேர்ப்பது அதுதான். எப்போதோ நுரையீரலில் புகுந்த காசநோய்க் கிருமியைச் சுற்றிச் செல்களைக் காவலுக்கு நிறுத்தியிருப்பதும் அதேதான். ஊசி போட்டால் இந்தக் காவலும் கலையும். சொன்னபடியே மாண்டூ தடித்தது. ஒரு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் முதல் ஊசி.

லண்டன் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் 1992இல் ஃபெல்ட்மன், மைனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தச் சிகிச்சையை முதலில் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். இத்தனை சைட்டோகைன் இருக்க, ஒன்றை மட்டும் மறித்து என்ன ஆகும்? மூட்டுத் திசுவில் டி.என்.எஃப்பை அடக்கியபோது இன்டர்லூக்கின்-1 என்ற இன்னொரு சைட்டோகைனும் சேர்ந்தே குறைந்ததை அவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். எனக்கு மூன்றாவது ஊசியில் பால் பாக்கெட் வெட்ட வந்தது.

* * *

அக்கா, அம்மாவுக்கு மூட்டுவாதத்துக்கு இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைனைத் தடுக்கும் மருந்து போகிறது. போன மழைக்காலத்தில் மூச்சு வாங்கியது. காய்ச்சல் பெரிதாக இல்லை. வேறொரு டாக்டர் ரத்தம் பார்த்து, சி.ஆர்.பி (தொற்றோ அழற்சியோ இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) நார்மல், தொற்று இல்லை என்று அனுப்பிவிட்டார். வாதநோய் டாக்டரிடம் போனால் முதல் கேள்வியே “என்ன ஊசி போடுகிறீர்கள் என்று அங்கே சொன்னீர்களா?” சி.ஆர்.பியைக் கல்லீரல் சுரப்பதே பெரும்பாலும் இன்டர்லூக்கின்-6 சொல்லித்தானாம். அதை மறித்தபின் சி.ஆர்.பி எப்படி ஏறும்? எக்ஸ்ரேயில் நிமோனியா. இப்போது மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி அம்மா பர்ஸில் வைத்திருக்கிறோம்.

* * *

என் கதை தலைகீழ். முதுகெலும்பு வாதத்துக்கு டி.என்.எஃப் ஊசி போட்டேன். முதுகு சரியானது, உள்ளங்காலில் சொரியாசிஸ் வந்தது! டி.என்.எஃப் அடங்கினால் சிலருக்கு இன்டர்ஃபெரான் என்ற வேறொரு சைட்டோகைன் தலைதூக்கும் என்றார்கள். இன்டர்லூக்கின்-17 தடுப்புக்கு மாற்றி நாலு மாதம் ஆகிறது. கால் ஆறிவருகிறது. வேறு யாருக்காவது இப்படி?