ஒரு ஃபிரிட்ஜ் முடிவுக்கே மூன்று வாரம், வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் ஃபிரிட்ஜ் (190 லிட்டர், ஒற்றைக் கதவு, வாங்கி 11 வருடம்) மூன்று வாரமாக ஓடவில்லை. மதுரை வெயில் தெரியுமே, காலையில் ஆட்டிய மாவு சாயங்காலத்துக்குள் பொங்கி மூடியைத் தள்ளிவிடுகிறது. கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற 6,500 ரூபாய் என்றார் மெக்கானிக். புதுசு 17,000. எது என்று என்னால் முடிவெடுக்க முடியவில்லை. போன வருடம் மகனுக்கு சைக்கிள் வாங்கும்போதும் இதே கதைதான், நான் யோசித்து முடிப்பதற்குள் அவனுக்கே ஆசை விட்டுப்போனது.

நாலு பேரிடம் கேட்டேன், நாலு பதில். ரிவ்யூ வீடியோவிலேயே இரண்டு ராத்திரி போயிற்று. அப்புறம் 1772-இல் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் நண்பரான விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லிக்குக் கடிதத்தில் எழுதிய முறைப்படி, தாளில் நடுவே கோடு போட்டு இந்தப் பக்கம் சாதகம் அந்தப் பக்கம் பாதகம் என்று எழுதி, சமமானவற்றை அடித்துக்கொண்டே வந்தேன், கடைசியில் மிஞ்சியது ஒரு பக்கம் கையிருப்பு, மறு பக்கம் கரண்ட் பில். நாணயம் சுண்டினேன், பூ விழுந்தது, மறுபடியும் சுண்டினேன் (அதுதான் என் வியாதியே). வீட்டில் கேட்டால் "நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க" என்கிறாள்.

இத்தனை நாள்தான் யோசிப்பது என்று கெடு வைத்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால், கெடு முடிந்தபிறகு மறுபடி யோசிக்காமல் எப்படி நிறுத்துகிறீர்கள்?