முதல் கிலோமீட்டர்ல பறந்துட்டு அப்புறம் நாக்கு தள்ளுது, என்ன பண்றது?

கேள்வி: நேத்து பெசன்ட் நகர் பீச்ல க்ளப் பசங்களோட 5கே (5 கிலோமீட்டர்) ஓடுனேன், டார்கெட் 27 நிமிஷம், விசில் அடிச்சதும் கூட்டத்தோட கூட்டமா பறந்து முதல் கிலோமீட்டர் 4:45ல போயிட்டேன், ஷ்மிட் நினைவுச்சின்னம் தாண்டுறப்பவே நாக்கு தள்ளிருச்சு, கடைசில 29:10. எங்க தப்பு?

பதில் 1: 27 நிமிஷத்துக்கு கிலோமீட்டருக்கு 5:24 போதுமே தல. 39 செகண்ட் மிச்சம் பிடிச்சேன்னு நினைச்சிருப்பீங்க, அது கந்துவட்டிக் கடன்.

பதில் 2: நம்மூர் புழுக்கத்துல வேர்வை காயாது, சூடும் இறங்காது. முதல் கிலோமீட்டர் 5:30ல போங்க. எங்க க்ளப்ல ஒரு அக்கா, 50 வயசு, கடைசி 500 மீட்டர்லதான் என்னை முந்துவாங்க, ஒவ்வொரு தடவையும்!

கேள்வி கேட்டவர்: பச்சைத் தொப்பியா?

பதில் 2: அவங்களேதான் 😂