அப்பாவின் பக்கவாதமும் சர்க்கரைப் பொடி டப்பாவும்: வழி சொல்லுங்கள்

மேலூர் பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை நோய். பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. காபி டம்ளரை எடுத்தால் வாய்க்குப் போகும் முன்பே நழுவுகிறது. பேச்சும் குழறல்.

சொந்தக்காரர் ஒருவர் மேனோஸ், கேலக்டோஸ், ஃபியூகோஸ் போன்ற எட்டுச் சர்க்கரைகள் சேர்ந்த பொடியைக் கொண்டுவந்தார். ஸ்டெம் செல் (புது செல்களை உண்டாக்கும் மூல செல்) பெருகி மூளை தானாகச் சரியாகிவிடும் என்கிறார். அம்மா மூன்று டப்பா வாங்கிவிட்டார். அப்புறம் பிசியோதெரபியையும் நிறுத்திவிட்டார். எனக்கு வயிறு எரிவதே இதில்தான். முதல் சில மாதப் பயிற்சிதானே முக்கியம்.

நரம்பியல் மருத்துவரைக் கேட்டேன். இந்தச் சர்க்கரைகளை உடம்பே குளுக்கோஸிலிருந்து செய்துகொள்ளும், பொடியால் மூளை தேறும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார். 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்று டப்பாவின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எல்லா டப்பாலயும் அப்படித்தான் போடுவாங்களாம்" என்கிறார். மருந்துக்கடை அண்ணனும் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

இப்படிப் பொடியை நம்பிய வீட்டுப் பெரியவர்களை நீங்கள் எப்படி மறுபடி பயிற்சிக்குச் சம்மதிக்க வைத்தீர்கள்?