சென்னை ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு உதவி வேண்டும்

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். காரைக்குடியிலிருந்து நம் சபைத் தம்பதியர் இருவர் ஊழியத்துக்காகச் சென்னை போகிறார்கள். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இருக்கும் நம் பக்கத்து நோயாளிகளையும், வெளியே துண்டு விரித்துக் காத்துக்கிடக்கும் துணையாட்களையும் சந்திப்பதே நோக்கம்.

பெரியமேடு, எழும்பூர் பக்கம் எளிய அறை தெரிந்தால் சொல்லுங்கள். தூரமாகத் தங்கினால் போக்குவரத்திலேயே பாதி நாள் போய்விடும். துணையாட்கள் ஆற அமரப் பேசுவது சாயங்காலத்துக்கு மேல்தான்.

வார்டுக்குள் போய் ஜெபிக்க முன்கூட்டியே யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? போதகரின் கடிதமும் ஆதார் நகலும் கையில் இருக்கும். அனுமதி இல்லாமல் கூட்டமாய் நுழைந்தால் காவலாளி தடுப்பார், அது நியாயமும்கூட. நோயாளி சம்மதித்தால் மட்டுமே ஜெபம், அதுவும் சத்தமில்லாமல், இரண்டே நிமிடம். மருந்தை நிறுத்தச் சொல்லும் பேச்சுக்கே இடமில்லை.

சாப்பாடு கொடுக்க நினைப்பவர்கள் தயிர்சாதம் வேண்டாம், வெயிலில் புளித்துவிடும். தேங்காய்ச் சட்னியும் தாங்காது. புளியோதரையை நன்றாக ஆறவிட்டு வாழையிலையில் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் வேர்த்து, சீக்கிரம் ஊசிப்போகும். இங்கிருந்து தேன்குழல் கொண்டுபோகலாம், பல நாள் கெடாது. சர்க்கரை நோயாளிகள் இருப்பதால் அதிரசம் தவிர்க்கவும்.

பயணம் பல்லவன் எக்ஸ்பிரஸில். உட்காரும் பெட்டியில் பெரிய அட்டைப்பெட்டி வைக்க இடம் கிடைக்காது. ஆகவே பெரிய எழுத்துப் புதிய ஏற்பாடுகளைச் சென்னையிலேயே வாங்கித் தர முடிந்தவர்கள் தெரிவியுங்கள். எழும்பூரில் இறங்கியதும் அழைத்துப்போக ஒருவரும் தேவை.