உழவர் வினாத்தாள்: 'ஏற்பு விருப்பம்' சரியா?

ந.செ.:
வணக்கம். உயிரி இடுபொருள்கள் (பயிருக்குப் பயன்படுத்தும் நுண்ணுயிர், தாவரக் கரைசல் போன்றவை) குறித்த வினாத்தாள் திங்களன்று அச்சுக்குப் போகிறது. 'வில்லிங்னெஸ் டு அடாப்ட்', அதாவது புதியதொன்றைப் பயன்படுத்தத் தொடங்கும் விருப்பம், வரைவில் 'தத்தெடுக்கும் விருப்பம்' ஆகியிருக்கிறது! டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைத் தத்தெடுக்க யார் வருவார்? ஐந்து படி அளவுகோலின் தலைப்பிலும் வரும் சொல்; சுருக்கமாக வேண்டும்.

கோ.இ.:
'ஏற்பு விருப்பம்' போதும். 'தழுவல்' வேண்டாம், அதைத் திரைப்படக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வி.மா.:
'ஏற்பது இகழ்ச்சி' என்றாள் ஔவை. ஏற்றல் கையேந்துவது, உழவரிடம் போய் அதைக் கேட்பதா? நன்னூல் இலக்கணம் சொல்லும் எழுவகை மதத்தில் (மதம் என்றால் கொள்கை) 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவு' இருக்கிறது: பிறர் கொள்கையை ஏற்றுப் பிறகு விட்டுவிடுவது. ஒரு பட்டம் (சாகுபடிப் பருவம்) செய்து பார்த்துவிட்டு விடுகிற உழவருக்கு இதைவிடப் பொருத்தமான விவரிப்பு உண்டா? 'மேற்கொள்ளல்', 'களைவு' என இணையாக வைக்கலாம். விருப்பத்துக்கு, இசைவு என்ற பொருளில், 'ஒருப்பாடு'.

கோ.இ.:
'களைவு' என்றால் களையெடுப்புக் கூலியைப் பற்றித்தான் பதில் வரும், ஐயா. 'மேற்கொள்ளல் ஒருப்பாடு' என்று தலைப்பு வைத்தால் கணக்கெடுக்கப் போகும் பிள்ளைகளுக்கே அருஞ்சொற்பொருள் தேவைப்படும்.

அ.ரா.:
எந்தச் சொல்லானாலும், 'விருப்பமா?' என்று கேட்டால் 'ஆமாங்க' என்பார்கள். தேடி வந்தவரிடம் முகத்தை முறிக்க மாட்டார்கள். பட்டம், பொருள், ஏக்கர் மூன்றும் கேள்விக்குள் வர வேண்டும்: 'வரும் சம்பாவில் எத்தனை ஏக்கர் விதைக்கு சூடோமோனாஸ் பாக்டீரியா நேர்த்தி செய்வீர்கள்?' அளவையும் அச்சிடுங்கள்: கிலோ விதைக்கு 10 கிராம். டிரைக்கோடெர்மா விரிடி என்றால் 4 கிராம்.

செய்து பார்த்து விட்டவர்களைத் தனியாகக் கேளுங்கள். கார்பென்டாசிம் கலந்த விதையிலேயே டிரைக்கோடெர்மாவையும் கலந்துவிட்டு 'வேலை செய்யலை' என்பவர் உண்டு. அது பூஞ்சாணக்கொல்லி, இது பூஞ்சாணம், பிறகென்ன ஆகும்? கடையில் வெயில் படும் தட்டில் கிடந்து உயிர் போன பொட்டலம் வேறு. தக்காளிக் காய்ப்புழுவுக்கு என்.பி.வி. (புழுவைக் கொல்லும் வைரஸ்) கரைசலைக் காலையில் அடித்தால் வெயிலின் புற ஊதாக் கதிரிலேயே வைரஸ் செயலிழக்கும். மாலையில்தான் அடிக்க வேண்டும். அப்போதும் மறுநாளே புழு சாகாது. சில நாள் கழித்துச் செடி நுனியில் தலைகீழாகத் தொங்கும். அதற்குள் பொறுமையிழந்து வழக்கமான மருந்தை அடித்துவிடுவார். இவரையும் 'வேண்டவே வேண்டாம்' என்பவரையும் ஒரே கட்டத்தில் போட்டால் கணக்கே பாழ்.

வி.மா.:
நஞ்சை 'மருந்து' என்று நீங்களுமா? வள்ளுவர் 'சாவா மருந்து' என்றது அமிழ்தத்தை. அச்சில் 'நஞ்சு' என்றே போடுங்கள்.

அ.ரா.:
ஊரில் 'மருந்தடிக்கிறது' என்றுதான் பேச்சு. 'நஞ்சு அடிக்கிறீர்களா?' என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள். எனக்குள்ள கவலை வேறு. 'உயிரி மருந்து' என்று போட்டால் புரியும், ஆனால் காலையில் அடித்தால் சாயங்காலம் சாகணும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்துவிடும். பெயரைச் சொல்லிக் கேட்பது மேல்: வேப்பங்கொட்டைக் கரைசல், முட்டை ஒட்டுண்ணி அட்டை (பூச்சி முட்டையை அழிக்கும் குளவி உள்ள அட்டை). கரைசல் என்றால் ஐந்து கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, நூறு லிட்டராக்கி, சோப்புக் கரைசல் சேர்ப்பது. அந்த வேலைக்கு ஆள் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். பாதித் தயக்கம் அங்கேதான்.

கோ.இ.:
வடிகட்டுவதில் மெல்லிய துணி என்று சேர்க்கலாம். இல்லாவிட்டால் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும்.

ந.செ.:
நேரமில்லை. தலைப்பில் 'ஏற்பு விருப்பம்', உள்ளே அ.ரா. சொன்னபடி கேள்விகள். மூன்று பேர் சரி என்கிறார்கள். 'களைவு' இல்லை, 'செய்து பார்த்து விட்டுவிட்டேன்' என்று ஒரு கட்டம் சேர்த்தாயிற்று.

வி.மா.:
அச்சாகட்டும். கலைச்சொல் பட்டியலில் மட்டும் என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். 'அடாப்ஷ'னுக்கு 'ஏற்பு' கொடுத்துவிட்டீர்கள், 'அக்செப்டன்ஸு'க்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?