999-ஐ அழைத்தால் நாம் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியுமா?

பிரிட்டனுக்குப் புதிதாக வருபவர்கள் வங்கிக் கணக்கு, ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவு, கவுன்சில் டேக்ஸ் என்று எல்லாம் கேட்கிறீர்கள். இங்குள்ள அவசர உதவி எண்ணான 999 பற்றி யாருமே கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஊரிலிருந்து அம்மா அப்பாவை வரவழைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

ஸ்மார்ட்போனில் 999 அல்லது 112 அழைத்ததும், போன் தானாகவே ஜிபிஎஸ், வைஃபை இரண்டையும் வைத்து இடத்தைக் கண்டுபிடித்து எஸ்எம்எஸ்ஸாக அனுப்பிவிடும். இதற்கு ஏஎம்எல் (அட்வான்ஸ்டு மொபைல் லொகேஷன்) என்று பெயர். செயலி எதுவும் தேவையில்லை, காசும் பிடிக்காது. 2014-இல் தொலைபேசி நிறுவனங்களான பிடி, இஇ, போன் தயாரிக்கும் எச்டிசி மூன்றும் சேர்ந்து இங்கேதான் இதைத் தொடங்கின. 2016-இல் ஆண்ட்ராய்டுக்கும், 2018-இல் ஐஓஎஸ் 11.3-உடன் ஐபோனுக்கும் வந்தது. அதற்கு முன்பெல்லாம் எந்த டவர் என்பது மட்டும்தான் தெரியும். கிராமப்புறத்தில் அது பல கிலோமீட்டர் பரப்பு. இப்போது வெட்டவெளியில் சில மீட்டருக்குள் பிடித்துவிடுகிறது. ஆனால் இடம் கிடைக்க 20 விநாடி போலப் பிடிக்கலாம். பதற்றத்தில் உடனே வைத்துவிடாதீர்கள்.

இதை நம்பி முகவரி தெரியாமல் இருந்துவிடக் கூடாது. கட்டிடத்துக்குள் ஜிபிஎஸ் தடுமாறும். பத்து மாடிக் குடியிருப்பில் எந்த மாடி, எந்தக் கதவு என்று உங்களால்தான் சொல்ல முடியும். கீழ் வாசலில் ரகசிய எண் போட்டுத் திறக்க வேண்டுமானால் அதையும் சொல்லுங்கள்.

முதலில் பேசுபவர் போலீஸா, ஆம்புலன்ஸா, தீயணைப்பா என்று மட்டும் கேட்டு இணைத்துவிடுவார். அந்தப் பக்கம் எடுப்பவர் முகவரி கேட்பார். போனில் பி, டி, வி எல்லாம் ஒரே மாதிரி கேட்கும். போஸ்ட்கோடில் அவை வந்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு ஊர்ப் பெயர் சொல்லப் பழகுங்கள். பெரியவர்களுக்கு ஃபிரிட்ஜ் கதவில் தமிழிலேயே ஒட்டி வையுங்கள்: ‘பிளாட் 14, மூன்றாவது மாடி’, கட்டிடத்தின் பெயர், தெரு, போஸ்ட்கோடு. கடைசி வரியாக ‘தமில், இன்டர்பிரட்டர் ப்ளீஸ்’. ஆங்கிலம் வராவிட்டாலும் அந்த வார்த்தைகள் போதும், மொழிபெயர்ப்பாளரை லைனில் சேர்க்க ஏற்பாடு உண்டு.

அம்மாவின் போனை இந்திய சிம்மிலேயே விட்டுவிடாதீர்கள். ரோமிங்கில் 999 போகும், ஆனால் இடம் போய்ச் சேரும் என்று உத்தரவாதமில்லை. இங்குள்ள ப்ரீபெய்டு சிம் ஒன்றைப் போட்டுக் கொடுங்கள். சிம்மே இல்லாத போனிலிருந்து இந்நாட்டில் 999 போகவே போகாது. பழைய போனைச் சும்மா சார்ஜ் போட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். வீட்டு இன்டர்நெட் போன் இருந்தால், வீடு மாறியதும் அந்த நிறுவனத்திடம் முகவரியை மாற்றுங்கள். இல்லையென்றால் 999-இல் பழைய வீடுதான் தெரியும்.

மலையேற்றம் போகிறவர்கள் போனில் வாட்த்ரீவேர்ட்ஸ் என்ற செயலியை வைத்துக்கொள்ளலாம். உலகத்தையே 3 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று சொல் கொடுத்திருக்கிறார்கள். செயலியை ஆங்கிலத்திலேயே வையுங்கள், எடுப்பவருக்கு அதுதான் உதவும். ஒலி ஒத்த சொற்கள் உண்டு, எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள். மோட்டார்வேயில் என்றால் ஓரத்தில் 100 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் சிறு கம்பத்தின் எண்ணே போதும்.

வீட்டுக்குள்ளேயே ஆபத்தில் இருக்கும் பெண்களுக்கு இது: வாய் திறக்க முடியாத நிலையில் மொபைலிலிருந்து 999 அழைத்து, பதிவுக் குரல் கேட்கும்போது 55 அழுத்தினால் போலீஸுக்கு இணைப்பார்கள். 55 அழுத்துவதாலேயே இடம் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இருமுங்கள், போனைத் தட்டுங்கள், கேட்பதற்கு ஆம் இல்லை என்றாவது பதில் தர முயலுங்கள். 999-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி உதவி கேட்கும் வசதிக்கும் முன்கூட்டியே பதிந்து வைக்கலாம்: ஆங்கிலத்தில் ‘ரிஜிஸ்டர்’ என்று 999-க்கு அனுப்புங்கள், வரும் பதிலைப் படித்துவிட்டு ‘யெஸ்’ அனுப்புங்கள். இன்றைக்கே செய்துவிடுங்கள். பதியாத எண்ணிலிருந்து அனுப்பினால் அந்தச் செய்தி போலீஸுக்குப் போகாது.